கை நனைக்காமல் வீடு பார்ப்பது எப்படி

பதிவு எண்ணும் முத்திரையும் வாங்கிவிட்ட இளைய மதிப்பீட்டாளர்களே, வாழ்த்துகள். உங்களில் பெரும்பாலோர் முதல் முயற்சியிலேயே தேறியவர்கள் என்று கேள்விப்பட்டேன். நான் அப்படியல்ல. எனக்கு அந்தத் தேர்வு மிகவும் பிடித்துப்போய்விட்டதால் இரண்டு தடவை எழுதினேன்.

மேற்குத் தாம்பரத்தில் ஒரு பேக்கரிக்கு மேலே என் அலுவலகம். கீழே பன் வேகும் வாசனையை மோந்துகொண்டேதான் வங்கிக் கடனுக்காகப் பாதி புறநகர் வீடுகளுக்கு மதிப்புப் போட்டேன். என் பழைய அறிக்கைகள் சிலவற்றில் மதிப்பு கொஞ்சம் உப்பியிருந்தால் பழியை ஈஸ்ட் மீது போடுங்கள். அந்தக் காலத்தில் இந்தத் தொழிலுக்குத் தேவைப்பட்டவை மூன்றே மூன்று: ஒரு சிவில் பட்டம், ஒரு அளவு டேப், வங்கி மேலாளருக்கு நம் பெயர் ஞாபகம் இருப்பது. இதில் டேப்புதான் நெடுநாள் உழைத்தது. மேலாளர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள்.

பிறகு சட்டம் வந்தது. கட்டாய வகுப்பு, கணினியில் தேர்வு, தேறினால் பதிவு, பதிவு இருந்தால்தான் வேலை. வங்கிகளும் ஒவ்வொன்றாக அதையே கேட்கத் தொடங்கின. நான் பொங்கினேன். “முப்பது வருஷமா வண்டி ஓட்டறவன்கிட்டப் போய் லைசென்ஸ் இருக்கான்னு கேக்கறதா?” என்று கூட்டத்தில் எழுந்து நின்று கத்தினேன். பின் வரிசையிலிருந்து ஒருவர், “அவன்கிட்டதான் சார் முதல்ல கேக்கணும்” என்றார். கைதட்டல் அவருக்குத்தான் விழுந்தது.

ஜி.எஸ்.டி. சாலையில் ஒரு ஓட்டல் மாடியில் வகுப்பு. பாடம் நடத்தியவர் என் மகனைவிட இளையவர். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன்கள் என்னைப் பேராசிரியர் என்று நினைத்து முதல் நாள் எழுந்து நின்றார்கள். இரண்டாம் நாள் என் நோட்டை எட்டிப் பார்த்ததும் அந்த மரியாதையும் போயிற்று.

தேர்வில் என்னைக் கவிழ்த்தவை இரண்டு கேள்விகள். ஒன்று, சொத்தின் உரிமையாளர் தரும் உபசாரத்தை மதிப்பீட்டாளர் ஏற்கலாமா என்பது. எனக்குக் கண்முன் ஒரு டபரா செட் வந்து நின்றது. நம் பக்கத்தில் ஒரு வீட்டுக்குள் நுழைந்து காபி வேண்டாம் என்று சொல்லிப் பாருங்கள். “ஏன் சார், எங்க வீட்ல சாப்பிட மாட்டீங்களா?” என்று தொடங்கி, சாதியில் போய் முடியும். ‘ஏற்கலாம்’ என்று அழுத்தினேன். தவறு.

இன்னொன்று, சந்தை மதிப்பின் இலக்கணம். உங்களுக்கு அது தலைகீழ்ப் பாடம். வாங்க விருப்பமுள்ள ஒருவர், விற்க விருப்பமுள்ள ஒருவர், இருவருமே விவரம் அறிந்தவர்கள், யோசித்து நடப்பவர்கள், கட்டாயம் ஏதும் இல்லாதவர்கள். அப்படிப்பட்ட இருவர் ஒத்துக்கொள்ளும் விலைதான் சந்தை மதிப்பு. எனக்கு இது மனத்தில் நிற்கவே இல்லை. ஏனென்றால் அப்படிப்பட்ட இரண்டு பேரை நான் தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரை எங்குமே பார்த்ததில்லை. விற்பவருக்கு அவசரம், வாங்குபவருக்கு ஆசை, நடுவில் புரோக்கருக்கு இரண்டும். பார்க்காத மனிதர்களை எப்படி மனப்பாடம் செய்வது?

தோற்றேன். என் மனைவி வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை, மாடி வீட்டுக்கும் எதிர் வீட்டுக்கும் மட்டும்தான் சொன்னாள். வங்கியிலிருந்து, “அடுத்த தடவையும் வரலன்னா லிஸ்ட்லேந்து எடுத்துடுவோம் சார், தப்பா நினைக்காதீங்க” என்றார்கள். தப்பாகத்தான் நினைத்தேன். ஆனாலும் படித்தேன்.

இரண்டாம் தேர்வுக்கு முதல் நாள் பிற்பகல் முடிச்சூரில் ஒரு வீடு பார்க்கச் சொல்லி வங்கியிலிருந்து அழைப்பு. வழக்கமாக நான் கால்மணி நேரத்தில் பார்த்து முடிக்கிற வேலை. ஆனால் அன்று என் மண்டைக்குள் நடத்தை விதிகள் முழுதும் சூடாக இருந்தன. இன்று எல்லாவற்றையும் புத்தகத்தில் உள்ளபடியே செய்வது, எல்லாக் கேள்வியையும் கேட்பது, ஒரு டம்ளர் தண்ணீர்கூடத் தொடுவதில்லை என்று சபதம் போட்டுக்கொண்டு கிளம்பினேன். கடன் கேட்டவர் ஃபோனில் வழி சொன்னார்: “விநாயகர் நகர் எக்ஸ்டென்சன் சார், மூணாவது தெரு, பன்னெண்டாம் நம்பரு, பச்ச கேட்டு. நான் வாசல்லயே குந்திகினு கீறேன், வா.”

நகரையும் தெருவையும் எண்ணையும் கேட்டைக்கூடக் கேட்டுக்கொண்டேன். எக்ஸ்டென்ஷனை விட்டுவிட்டேன். வயலைப் பிளாட் போட்டு விற்றவர்கள் நம் பக்கத்தில் புதுப் பெயர் தேடி மெனக்கெடுவதில்லை. விநாயகர் நகர், விநாயகர் நகர் விரிவு, விரிவுக்கு விரிவு. எல்லாவற்றிலும் ஒரு மூன்றாவது தெரு, அதில் ஒரு பன்னிரண்டாம் எண். கேட்டுக்குப் பச்சை, நீலம் என்று இரண்டே நிறம். நான் நேராக மூல விநாயகர் நகருக்குள் போய், பச்சை கேட் முன்னால் வண்டியை நிறுத்தினேன்.

வாசலில் கோலம். பட்டுப்புடவையில் ஓர் அம்மாள், சலவை வேட்டியில் ஒரு பெரியவர். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர் என்பது அவர் நின்ற தோரணையிலேயே தெரிந்தது. நான் வண்டியிலிருந்து இறங்குவதற்குள் கும்பிட்டார்.

“வணக்கம். வீடு பாக்க வந்திருக்கேன்” என்றேன்.

“வாங்க வாங்க சார். உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கோம். இன்ஜினியர் சார் முன்னாடியே வந்துடுவார்னு ஃபோன்ல சொன்னாங்க.”

நானும் இன்ஜினியர்தான். முன்னாடியே வந்தவன்தான். இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? பட்டுப்புடவை மட்டும் கொஞ்சம் உறுத்தியது. ஆனால் வீட்டுக்காரரோடு வாசலில் நின்று புகைப்படம் எடுத்து அனுப்ப வேண்டும் என்று வங்கிகள் கேட்க ஆரம்பித்திருந்த நேரம் அது. படத்துக்காகக் கட்டியிருப்பார்கள் என்று நானே ஒரு காரணம் கண்டுபிடித்து என்னைச் சமாதானம் செய்துகொண்டேன். பின்னால் யோசித்தபோதுதான் தெரிந்தது, மதிப்பீட்டாளருக்கு நடக்கும் உபசாரமும் சம்பந்திக்கு நடக்கும் உபசாரமும் ஒன்றுதான். இரண்டு பேருமே வீடு பார்க்க வருகிறார்கள். இரண்டு பேர் முன்னாலும் வீட்டுக்காரர் சிரிக்கிறார். இரண்டு பேரும் போன பிறகு திட்டுகிறார்.

ஆமாம். அன்று அந்த வீட்டுப் பையனுக்குப் பெண் வீட்டார் வீடு பார்க்க வருவதாக ஏற்பாடு. பெண்ணின் பெரியப்பா இன்ஜினியர், அவர் முன்னதாகவே வந்து கட்டடத்தைப் பார்ப்பதாகப் பேச்சு. இது எனக்குத் தெரியாது. நான் யார் என்பது அவர்களுக்குத் தெரியாது. உரிமையாளர் பெயரைக் கேட்டுச் சரிபார்ப்பது என் பாடத்தில் முதல் பக்கத்திலேயே இருந்தது. நான் அன்று காலை இரண்டாம் பக்கத்திலிருந்து படித்திருந்தேன்.

வாசலில் நின்று படம் எடுத்தேன்.

“போட்டோ எதுக்கு சார்?” என்றார் அந்த அம்மாள் வெட்கத்தோடு.

“ரெக்கார்டுக்கும்மா. எல்லா வீட்லயும் எடுக்கறதுதான்.”

“இதுக்கு முன்னாடி நிறைய வீடு பாத்திருக்கீங்களோ?”

“ஆயிரக்கணக்குல இருக்கும். இந்த வாரத்துல மட்டும் ஏழெட்டு.”

அம்மாளுக்கு முகம் மாறியது. “ஒண்ணுகூடவா சரிப்படல?”

“சிலது நிக்கும், சிலது போயிடும். நம்ம கையில என்ன இருக்கு? மேல இருக்கறவங்க முடிவு பண்ணணும்.” வங்கியின் தலைமை அலுவலகத்தைச் சொன்னேன். அவர் வானத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

கூடத்தில் உட்கார வைத்தார்கள். தட்டில் வாழைக்காய் பஜ்ஜி, கேசரி. ஆவி பறந்தது. சபதம் ஞாபகம் வந்தது.

“மன்னிக்கணும். முடிவு சொல்ற வரைக்கும் நான் இந்த வீட்ல கை நனைக்கக் கூடாது. ரூல் அப்படி.”

வாத்தியார் மனைவியைப் பார்த்தார். மனைவி வாத்தியாரைப் பார்த்தார். “பாத்தியா? அந்தக் காலத்து மனுஷங்க. சம்பந்தம் முடிவாகாம கை நனைக்க மாட்டாங்க” என்று வாத்தியார் முணுமுணுத்தது எனக்குப் பாதிதான் கேட்டது. என்னைப் பாராட்டுகிறார் என்ற அளவில் புரிந்தது. நடத்தை விதிகளுக்கு இப்படியொரு மரியாதையா என்று புல்லரித்துப் போனேன்.

அலைபேசி அதிர்ந்தது. பெயர் பதியாத எண். யாரோ கடன் ஏஜெண்டு என்று துண்டித்தேன்.

“சரி, ஆரம்பிக்கலாமா? வயசு என்ன?”

“வர்ற ஆவணி வந்தா முப்பத்தொண்ணு” என்றார் அம்மாள்.

நான் சுவரையும் தரையையும் பார்த்தேன். “அவ்வளவா? பாத்தா தெரியலயே. பதினஞ்சு, இருபதுன்னுதான் நெனச்சேன்.”

அவர் பூரித்தார். “எல்லாரும் அதான் சொல்றாங்க. கண்ணு மாதிரி பாத்துக்கறோம்.”

“தெரியுது. இன்னும் ஒரு இருபத்தொன்பது வருஷம் தாராளமா தாங்கும்.”

“ஐயோ, என்ன சார் சொல்றீங்க! நூறு வருஷம்னு சொல்லுங்க.”

“நூறெல்லாம் ஒத்துக்க மாட்டாங்கம்மா. மொத்த ஆயுள் அறுபதுதான் போடணும். அதுக்கப்புறம் இடிச்சுட வேண்டியதுதான்.”

கான்கிரீட் கட்டடத்துக்கு நாம் எல்லோரும் போடுகிற கணக்குதான் இது. ஆனால் அந்த அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டார். வெங்காயம் நறுக்கியிருப்பார் என்று நினைத்தேன்.

வாத்தியார் மட்டும் எதிரே. காது கொஞ்சம் மந்தம் என்பது அடுத்த கேள்வியில்தான் தெரிய வந்தது. சொத்து வழிவழியாக யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று காட்டும் மூல ஆவணத்தை நம் பதிவு அலுவலகங்களில் தாய்ப் பத்திரம் என்பார்கள். அதைக் கேட்டேன்.

“தாய்ப் பத்திரம் இருக்கா சார்?”

“தாய் பத்திரமாத்தான் இருக்கா. உள்ள பஜ்ஜி போடறா.”

நகைச்சுவையான மனிதர் என்று சிரித்துவைத்தேன். அவரும் சிரித்தார்.

“வில்லங்கம் ஏதாவது உண்டா? ஒரு முப்பது வருஷத்துக்குப் பாத்துடணும்.”

சொத்தின் மேல் அடமானமோ வழக்கோ இருந்தால் நமக்கு அது வில்லங்கம். மற்றவர்களுக்கு வில்லங்கம் என்றால் என்னவென்று நான் அன்றுவரை யோசித்ததில்லை.

வாத்தியார் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். “உங்ககிட்ட மறைப்பானேன். முப்பது வருஷத்துல ஒரே ஒரு சின்ன வில்லங்கம். காலேஜ் படிக்கறப்போ. அது முடிஞ்சுபோன கதை. அந்தப் பொண்ணுக்குக் கல்யாணமே ஆயிடுச்சு.”

இவருக்குப் பெண் பிள்ளை ஒன்று இருக்கிறது, சொத்தில் பங்கு கேட்டிருக்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். வகுப்பில் படித்தது நாக்கு நுனியில் நின்றது. “கல்யாணம் ஆயிட்டா முடிஞ்சுபோச்சுன்னு நினைக்காதீங்க. பொண்ணுக்கு உரிமை அப்படியேதான் இருக்கும். சட்டமே சொல்லுது. எனக்கு உரிமை இல்லன்னு எழுதி வாங்கிட்டீங்களா?”

“எழுதி... வாங்கணுமா?”

“வாங்கி ரிஜிஸ்டர் பண்ணணும்.”

அவருக்கு வியர்த்தது. அலைபேசி மறுபடி அதிர்ந்தது. மறுபடி துண்டித்தேன்.

வாத்தியாரை அந்த நிலையில் விட்டுவிட்டு எழுந்து கூடத்தைச் சுற்றினேன். இங்கேதான், சிரிப்பை ஓரமாக வைத்துவிட்டுச் சொல்கிறேன், என் கண் உண்மையிலேயே வேலை செய்தது. சுவர் புத்தம் புதுப் பெயிண்டில் பளபளத்தது. ஆனால் பிளக் பாயிண்ட்டுகள் எல்லாம் என் மார்பு உயரத்தில் இருந்தன. சாதாரணமாக முழங்கால் பக்கத்தில் இருக்க வேண்டியவை. ஃபிரிட்ஜ் ஒரு மேடைமேல் சிம்மாசனம் போல. இன்வர்ட்டர் பரணில். அந்தப் பெரிய வெள்ளத்துக்குப் பிறகு இங்கே தண்ணீர் புகுந்த வீடுகளில் எல்லாம் மின்சாரத்தை ஒரு மாடி ஏற்றி வைத்தார்கள். சுவருக்குச் சாயம் பூசலாம். பிளக் பாயிண்ட்டைப் பொய் சொல்ல வைக்க முடியாது.

“இங்க தண்ணி வந்துதா சார்?” என்றேன்.

“எங்க தெருவுக்கா? வரவே இல்ல” என்றார் வாத்தியார், சுவரைப் பார்க்காமல்.

நான் மேலே ஒன்றும் கேட்கவில்லை. அலைபேசியை வாய்க்கருகில் பிடித்து, வழக்கம்போலக் குறிப்பைச் சத்தமாகப் பதிவு செய்யத் தொடங்கினேன். சுவரை விரல் மடக்கித் தட்டிக்கொண்டே, முதுகு வாசலைப் பார்த்தபடி:

“தரைத்தளத்தில் மார்பளவு வெள்ளம் புகுந்ததற்கான அடையாளம் உள்ளது. புதுப் பெயிண்ட் அடித்து மறைத்திருக்கிறார்கள். கேட்டால் வரவில்லை என்கிறார்கள். பழைய வில்லங்கம் ஒன்றும் தீர்க்கப்படாமல் இருக்கிறது. நம்பி இறங்குகிறவர்கள் ஏமாற வாய்ப்புண்டு.”

“யாரு சார் ஏமாறப் போறது?” என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

திரும்பினேன். வாசலில் தாம்பாளத்தில் பழமும் பூவுமாக ஒரு மனிதர். அவர் பக்கத்தில் ஒரு பெண், அலுவலகத்துக்குப் போவது போன்ற பருத்திப் புடவையில். பின்னால் கண்ணாடி போட்ட ஒரு பெரியவர்.

“பெருங்களத்தூர் சிக்னல்ல மாட்டிக்கிட்டோம், அண்ணனும் எங்களோடயே வந்துட்டார்” என்று சொல்லிக்கொண்டே வந்த பழத்தட்டுக்காரர், அதாவது பெண்ணின் அப்பா, நின்றுவிட்டார். கண்ணாடிக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “நான்தான் இன்ஜினியர் பெரியப்பா. நீங்க யாரு?”

அந்த ஒரு நொடியில் கோலமும் பட்டும் முப்பத்தொன்றும் அறுபதும் பஜ்ஜியும் என் தலைக்குள் வரிசையாக வந்து உட்கார்ந்தன. தாய்ப் பத்திரம்தான் கடைசியாக வந்தது.

“இன்னா சார் இது, பேஜாரா போச்சே” என்று நான் வாய்விட்டே சொல்லியிருக்க வேண்டும். ஏனென்றால் அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறு பக்கம் திரும்பினாள். “பேங்க் வேல்யூயர் சார்” என்று ஒருவழியாகச் சொன்னேன். அவள் அப்பா சிரிக்கவில்லை. தட்டை அப்படியே கையில் வைத்துக்கொண்டு வாத்தியாரைப் பார்த்தார்.

“தண்ணியே வராத தெருன்னு சொன்னீங்களே? பெயிண்ட் அடிச்சா பொண்ணு கேப்பீங்க?”

சமையலறை வாசலில் அந்த அம்மாள் கரண்டியோடு உறைந்து நின்றார்.

“வேல்யூயர்ங்கறீங்க. நீங்களே சொல்லுங்க சார்” என்று பெண்ணின் அப்பா என் பக்கம் திரும்பினார். “எவ்வளவு தண்ணி ஏறியிருக்கும்? இந்த வீட்ல பொண்ண குடுக்கலாமா? வாத்தியார் சொல்றத இனிமே நான் நம்பறதா இல்ல. நீங்க எங்களுக்கும் வேண்டாதவர், அவங்களுக்கும் வேண்டாதவர். நீங்க சொன்னா சரி.”

இவ்வளவு உயர்ந்த நற்சான்றிதழ் என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்ததே இல்லை. வாத்தியார் என்னைப் பார்த்தார். உதடு அசையவில்லை, ஆனால் அந்தக் கண்கள் சொன்னதை உங்களுக்கு இனிமேல் ஆயிரம் பேர் வாய்விட்டே சொல்லப் போகிறார்கள்: பாத்துச் சொல்லுங்க சார்.

எனக்கு மூன்று வழி இருந்தது. ‘அதெல்லாம் ஒன்றுமில்லை, ஈரக்கசிவு’ என்று பூசி மெழுகலாம். கல்யாணம் நடக்கும், அடுத்த மழையில் அந்தப் பெண் பரணில் உட்கார்ந்து என்னைத் திட்டுவாள். உள்ளதை உள்ளபடி சொல்லலாம். என்னைக் கூப்பிடாத வீட்டின் குறையை, என்னை அமர்த்தாத ஒருவருக்கு ஒப்பிக்க நான் யார்? ஏற்கெனவே பாதியை ஒலிபரப்பிவிட்டேன், மீதியையும் செய்தால் அந்தக் குடும்பத்தின் மானம் என் டேப்பில் அளந்ததாகிவிடும். மூன்றாவது வழி ஓடிவிடுவது. செருப்பு அவர்கள் பக்கம் இருந்தது.

“சார், நான் இந்த வீட்டுக்கு வர வேண்டியவனே இல்ல” என்றேன். “வேற வீட்டுக்குப் போக வேண்டியவன், எக்ஸ்டென்ஷனைக் கோட்டை விட்டுட்டேன். என்ன ஏதுன்னு தெரியாம இவங்க வீட்டுக்குள்ள நுழைஞ்சு, கேக்கக் கூடாததெல்லாம் கேட்டு, அந்த அம்மாவோட பையனுக்கு இருபத்தொன்பது வருஷம் கெடு வேற குடுத்திருக்கேன். நான் தெரிஞ்சுக்கிட்டது எனக்குச் சொந்தமில்ல. இதைப் பத்திப் பேச எனக்கு அதிகாரம் இல்ல. நீங்க கேட்டது சரியான கேள்வி. ஆனா கேக்க வேண்டியது இவங்கள. பதில் சொல்ல வேண்டியதும் இவங்கதான்.”

பிறகு வாத்தியார் பக்கம் திரும்பி, காது மந்தம் என்பது ஞாபகம் வந்து, கொஞ்சம் உரக்கவே சொன்னேன்: “சொல்லிட்டா அது குறை சார். சொல்லாம விட்டாத்தான் வில்லங்கம்.”

அப்போது மாடிப்படியில் காலடிச் சத்தம். புதுச் சட்டையில் ஓர் இளைஞன் இறங்கி வந்தான். நான் கெடு கொடுத்த ஆள். செந்தில் என்று பெயர். பாதிப் படியிலிருந்தே எல்லாம் கேட்டிருக்கிறான்.

“அப்பா, நான் சொல்லிடறேன்” என்றவன் பெண்ணின் அப்பாவிடம் பேசவில்லை. நேராக அந்தப் பெண்ணிடம் பேசினான். “தண்ணி வந்துதுங்க. இதோ, இது வரைக்கும்.” கையைப் பிளக் பாயிண்ட்டுக்கு ஒரு சாண் கீழே வைத்துக் காட்டினான். “நாங்க மாடியில இருந்தோம். போட் வந்தப்போ அம்மா ஏற மாட்டேன்னுட்டாங்க. கேஸ மூடினேனான்னு பாத்துட்டு வரேன்னாங்க. கேஸ் சிலிண்டரே மிதந்து பக்கத்து வீட்டுக்குப் போயிடுச்சு.”

“மூடித்தான் இருந்துது” என்றார் அம்மாள் சமையலறை வாசலிலிருந்து.

“ரெண்டு இடத்துல முடிச்சூரான்னு கேட்டதோட சரி, திரும்ப ஃபோனே வரல. அதான் அப்பா பெயிண்ட்ட எடுத்துட்டாரு. நான் வேண்டாம்னேன். ஆனா நானும்தான் ஒரு பக்கத்துச் சுவருக்கு அடிச்சேன்.”

அந்தப் பெண் சுவரைப் பார்த்தாள். அவள் பெயர் நிவேதா, காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கிறாள் என்பது எனக்குப் பிறகு தெரிந்தது. அடுத்து அவள் கேள்வி கேட்ட விதத்திலேயே அது தெரிந்திருக்க வேண்டும்.

“இப்ப மழை பெஞ்சா?”

“கால்வாய அகலப்படுத்தியிருக்காங்க. அதுக்கப்புறம் கணுக்காலைத் தாண்டல. ஆனா இனிமே வரவே வராதுன்னு என்னால சொல்ல முடியாது. அதனாலதான் மாடியிலயும் ஒரு கிச்சன் போட்டிருக்கோம்.”

“வேற ஏதாவது மறைச்சிருக்கீங்களா?”

செந்தில் பதில் சொல்வதற்குள் வாத்தியார் விறைத்து எழுந்து நின்றார். ஒரே நாளில் இரண்டு உண்மைகள் வெளிவந்துவிட்ட வேகத்தில், “காலேஜ்ல ஒரு பொண்ணு இருந்துதும்மா. எழுதி வாங்கிடறோம்” என்றார்.

“அப்பா!” என்றான் செந்தில்.

நிவேதா தன் அப்பாவைப் பார்த்தாள். அவர் இன்னும் தட்டைக் கீழே வைக்கவில்லை. “நீ என்னம்மா சொல்ற? கிளம்பலாமா?” என்றார். அவர் பிடிவாதக்காரர், ஆனால் கேட்கத் தெரிந்தவர்.

அவள் நடுவிலிருந்த மேசைக்குப் போனாள். ஒரு பஜ்ஜியை எடுத்தாள். இரண்டாகப் பிய்த்து, ஊதி, வாயில் போட்டுக்கொண்டாள்.

கை நனைத்தாயிற்று.

சமையலறை வாசலில் கரண்டி கீழே விழுந்தது. பெரியப்பாதான் முதலில் சிரித்தார். பெண்ணின் அப்பா பெருமூச்சு விட்டுத் தட்டை வாத்தியார் கையில் வைத்தார். “பஜ்ஜி ஆறிப்போச்சுப்பா” என்றாள் நிவேதா, அதுதான் பிரச்சினை என்பதுபோல. அம்மாள் அழுதுகொண்டே சூடாக இன்னொரு ஈடு கொண்டுவந்தார். என் முன்னாலும் ஒரு தட்டு வைத்தார், கொஞ்சம் வேகமாகவே. இந்த வீட்டை நான் மதிப்பிடப் போவதில்லை, ஆகவே எந்த விதிக்கும் விரோதமில்லை என்று மனத்துக்குள் ஒருமுறை சரிபார்த்துக்கொண்டு ஆறு பஜ்ஜி சாப்பிட்டேன்.

அலைபேசி மூன்றாம் தடவை அதிர்ந்தது. இந்த முறை எடுத்தேன்.

“இன்னா சார், வூட்டாண்ட எவ்ளோ நேரமா குந்திகினு கீறேன், கட் பண்ணிகினே கீற! ஜூஸு வேற சூடாயிடுச்சு!”

எக்ஸ்டென்ஷனுக்குப் போனேன். மூன்றாவது தெரு, பன்னிரண்டாம் எண், பச்சை கேட். கடன் கேட்ட அண்ணன் முட்டி தட்டி எழுந்தார். நான் முதலில் அவர் பெயரைக் கேட்டேன். பிறகு அப்பா பெயரை, பிறகு பத்திரத்தை. அடையாள அட்டையில் இருந்த முகத்தையும் எதிரே இருந்த முகத்தையும் நாலு தடவை ஒப்பிட்டேன்.

“இன்னாபா, போலீஸா நீ?” என்றார். “பாத்துப் போடு சார்.”

“பாத்துட்டுத்தாண்ணே போடுவேன்” என்றேன். “இன்னிக்கு அதுதான் பாடம்.”

மறுநாள் காலை தேர்வு. நான்காவதோ ஐந்தாவதோ கேள்வியாகச் சந்தை மதிப்பின் இலக்கணம் திரையில் வந்து நின்றது. விருப்பமுள்ள ஒருவர். விருப்பமுள்ள மற்றொருவர். இருவரும் விவரம் அறிந்தவர்கள். யோசித்து நடப்பவர்கள். கட்டாயமில்லாதவர்கள். தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரை இல்லவே இல்லை என்று நான் சாதித்த அந்த இருவரை முந்தின நாள் மாலை முடிச்சூரில் நேரிலேயே பார்த்திருந்தேன். ஒருவர் கையைச் சுவரில் வைத்து அளவு காட்டினார். மற்றவர் பஜ்ஜியைப் பிய்த்தார். எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. மேற்பார்வையாளர் வந்து என் மேசைக்குக் கீழே குனிந்து பார்த்தார். “என்ன சார், சிரிக்கற மாதிரி கேள்வியா?”

“இல்லங்க. தெரிஞ்சவங்க” என்றேன்.

உபசாரக் கேள்விக்கும் சரியாகவே பதில் போட்டேன், வாயில் வாழைக்காய் ருசி இருக்கும்போதே. தேறினேன். மனைவி மாடி வீட்டுக்கு மட்டும் சொன்னாள், எதிர் வீட்டுக்காரர்கள் ஊரில் இல்லை.

இப்போது உங்கள் முறை. சட்டமும் வகுப்பும் தேர்வும் எதற்கு என்று என்னைப் போல நீங்களும் முணுமுணுப்பீர்கள். முணுமுணுங்கள், உடம்புக்கு நல்லது. ஆனால் பெயரைக் கேட்காமல் எந்த வீட்டுக்குள்ளும் போகாதீர்கள். குறிப்பைச் சத்தமாகப் பேசாதீர்கள். உங்கள் அதிகாரம் எந்த வாசற்படியோடு முடிகிறது என்பதை, அங்கே தடுக்கி விழுவதற்குள் கண்டுகொள்ளுங்கள்.

தை மாதம் கல்யாணம், பெருங்களத்தூரில். எனக்கும் அழைப்பு. மாப்பிள்ளை வீடா, பெண் வீடா என்று வாசலில் கேட்டார்கள். “தப்பான வீடு” என்றேன், உடனே புரிந்துகொண்டு முன் வரிசையில் உட்கார வைத்தார்கள். வாத்தியார் என்னை ஒவ்வொருவரிடமும், “இவர்தான் எங்க வீட்டு வில்லங்கம்” என்று அறிமுகம் செய்தார்.

அட்சதை போடப் போனபோது அந்த அம்மாள் என் வழியை மறித்தார். பட்டுப்புடவை அதேதான். கண்ணில் இன்னும் கொஞ்சம் கோபம் மிச்சமிருந்தது.

“அன்னிக்கு என் பையனுக்கு இருபத்தொன்பதுதான்னீங்க. இப்ப சொல்லுங்க, எவ்வளவு?”

நான் பதிவு பெற்ற மதிப்பீட்டாளன். மொத்த ஆயுள், மீதி ஆயுள், தேய்மானம் எல்லாம் படித்துத் தேறியவன். மணமேடையைப் பார்த்தேன். அந்தப் பையன் எதையோ காதில் சொல்ல, நிவேதா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பை அடக்கினாள்.

“நூறு வருஷம்மா” என்றேன்.

எந்த ஆதாரமும் இல்லாமல், சரிபார்க்காமல், வீட்டுக்காரர் கேட்டதை அப்படியே போட்ட மதிப்பு என் தொழில் வாழ்க்கையில் அது ஒன்றுதான். இதுவரை யாரும் புகார் கொடுக்கவில்லை.